மீன் தண்ணீர் சொட்டிய இடம்

பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடுவே என் பேட்டரி லோடு ஆட்டோ நின்றபோது விடிகாலை மணி ஐந்தேகால். 2024 கார்த்திகை. பின்னால் ஆறு பெட்டி மீன். நான்கில் சூடை, ஒன்றில் காரல், ஒன்றில் நண்டு. பக்கத்தில் அக்கா. தங்கச்சிமடம் கரையில் ஏலம் எடுத்த மீனை ஏழு மணிக்குள் ராமநாதபுரம் மார்க்கெட்டில் இறக்கினால்தான் அக்காவுக்கு விலை கிடைக்கும். எட்டு மணிக்குப் போனால் அதே மீனை ஐஸ் போட்ட காசுக்குக் கேட்பார்கள்.

திரையில் 64 சதவீதம் சார்ஜ் காட்டியது. விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் மட்டும் வண்டி ஒருமுறை உடம்பை உதறிவிட்டு நின்றது. மறுபடி திருகினேன், மறுபடி உதறல். சாவியை அணைத்து, ஐந்து எண்ணி, திரும்பப் போட்டேன். அதே கதை.

"என்னடா தம்பி, போகுமா போகாதா?" என்றாள் அக்கா.

நான் இருபத்திரண்டு வருஷமாகப் படகு இன்ஜின் வேலை பார்ப்பவன். ஓடுகிற லேலண்ட் இன்ஜின் பக்கத்தில் நின்றால் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று காதாலேயே சொல்லிவிடுவேன். அன்று பாலத்தில் காதில் விழுந்தது கீழே அலையும் மேலே காற்றும் மட்டும்தான். சத்தமே இல்லாத வண்டியில் கோளாறை எங்கே போய்த் தேடுவது? டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். கடைசியில் மச்சான் தன் டீசல் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து பெட்டிகளை மாற்றி ஏற்றிக்கொண்டு போனார். என் வண்டியைத் தெரிந்தவர் ஒருவர் கயிறு கட்டி, பாம்பனில் இருக்கும் என் பட்டறை வரை இழுத்துவிட்டார். மீன் எட்டரைக்குத்தான் மார்க்கெட் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அக்காவுக்கு நட்டம்.

வண்டி வாங்கிய இடத்துக்குப் போன் அடித்தேன். மதுரையிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார்கள். பதினொரு நாள் கழித்து ஆள் வந்தார். சின்னப் பையன், மரியாதையான பையன். லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, மோட்டாருக்குக் கரண்ட் பிரித்துவிடும் கன்ட்ரோலர் போய்விட்டது, தண்ணீர் இறங்கியதால் வாரண்டியில் வராது, 18,000 ரூபாய் ஆகும் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினொரு நாளும் தவணை நிற்கவில்லை. அக்கா டீசல் ஆட்டோவுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தாள். பேட்டரி வண்டியைப் பாதி விலைக்குக்கூட யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள் என்று கடன் கொடுத்தவர் முதலிலேயே வட்டியைக் கூட்டித்தான் போட்டிருந்தார். பையன் போன பிறகு, அன்று மாலையே, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கட்டை கொடுத்து நிறுத்திவிட்டுக் கீழே படுத்தேன்.

இந்த மோட்டாரில் பிரஷ் என்கிற கரித்துண்டு கிடையாது. உள்ளே மூன்று சுற்றுக் கம்பிகள், நடுவில் சுழலும் காந்தம். காந்தம் இந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் எந்தச் சுற்றுக்குக் கரண்ட் விடுவது என்று கன்ட்ரோலருக்குத் தெரியும். அதைச் சொல்வது ஹால் சென்சார் என்கிற மூன்று சின்னச் சில்லுகள். அவற்றிலிருந்து ஐந்து மெல்லிய ஒயர்கள் வருகின்றன: சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம். சிவப்பில் ஐந்து வோல்ட். ஐந்தும் கப்ளர் என்கிற பிளாஸ்டிக் இணைப்பில் சேர்ந்து கன்ட்ரோலருக்குப் போகின்றன. அந்தக் கப்ளரைப் பிரித்தேன். உள்ளே பச்சைப்பசேல் என்று களிம்பு. ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்து மறந்துவிட்டால் விளிம்பில் படியுமே, அதே நிறம். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. மற்ற நான்கு பின்களும் அழுக்காக இருந்தாலும் உருப்படியாக இருந்தன. சிவப்பு ஒயரின் பின் மட்டும் ஊசிமுனை அளவுக்குக் கரைந்துபோயிருந்தது. உப்புத் தண்ணீருக்குள் கரண்ட் இருந்தால் பாசிட்டிவ் முனைதான் முதலில் கரையும். முலாம் பூசுகிற தொட்டியில் நடப்பதேதான் அந்தக் கப்ளருக்குள் மாதக்கணக்கில் நடந்திருக்கிறது.

தடி ஒயர்களிலும் லேசாகக் களிம்பு இருந்தது. அவற்றில் ஓடுவது பெரிய கரண்ட், கொஞ்சம் அழுக்கிருந்தாலும் தள்ளிக்கொண்டு போய்விடும். சென்சார் ஒயரில் போவது வெறும் சைகை. அது தடுமாறினால் கன்ட்ரோலருக்குக் கண் தெரியாது. வண்டி உதறியது அதனால்தான். கன்ட்ரோலருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கப்ளரை வெட்டி எறிந்தேன். ஒயர்களில் இரண்டு அங்குலத்துக்குச் செம்பு கறுத்திருந்தது. சிவந்த செம்பு தெரியும் வரை சீவி, நேரடியாக ஈயம் வைத்து இணைத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளே பசை உள்ள ஸ்லீவை மாட்டிச் சூடுகாட்டிச் சுருக்கினேன். ஐந்துக்கும் சேர்த்து மேலே பெரிய ஸ்லீவ் ஒன்று. இரண்டு நுனியிலும் சிலிக்கான் கிரீஸ். செலவு 140 ரூபாய். சாவியைப் போட்டுத் திருகியதும் அந்தரத்தில் இருந்த சக்கரம் ஒரு நடுக்கமும் இல்லாமல் சுற்றியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

சரி, தண்ணீர் அங்கே எப்படி வந்தது? படுத்த வாக்கில் மேலே பார்த்தேன். லோடு பெட்டியின் தரையில் தண்ணீர் வடிய இரண்டு ஓட்டைகள். அதில் ஒன்று கப்ளருக்கு நேர் மேலே. சிமெண்ட் மூட்டையும் காய்கறியும் கேஸ் சிலிண்டரும் ஏற்றுகிற ஊரில் அது மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டை. எங்களுக்கு அதில் வடிவது ஐஸ் உருகி, மீனின் ரத்தமும் கடல் உப்பும் கலந்து வரும் தண்ணீர். தினமும் மூன்று மணி நேரம், சொட்டுச் சொட்டாக, பதினான்கு மாதம். அதை வரைந்து செய்தவர் நல்லவராகத்தான் இருப்பார். அவர் கண்முன் மீன் பெட்டி இருந்ததில்லை, அவ்வளவுதான்.

வண்டியோடு வந்த காகிதத்தில் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் ஐபி 67 என்று போட்டிருந்தது. ஆறு என்றால் தூசி புகாது. ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காது. அது பொய் இல்லை. மோட்டாருக்குள் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், அரை மணி நேரத்துக்கு. உப்புக்கு என்று தனிச் சோதனை இருக்கிறது. ஐந்து சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி சூட்டில் பனி மாதிரி நாள்கணக்கில் தெளித்துப் பார்ப்பார்கள். வாங்குகிற அன்று அதைக் கேட்க எனக்கே தோன்றவில்லை. காகிதத்திலும் அதைப்பற்றி ஒரு வரி கிடையாது.

உப்பு என்ன செய்யும் என்று தெரியாத ஊரா இது? 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் ஆட்கள் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள், மேலே பாலிசிலோக்சேன் பூச்சு. மண்டபத்தில் காரைக்குடி சிக்ரியின், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின், அரிமானச் (உலோகம் துருப்பிடித்து அரிப்பது) சோதனை நிலையம் இருக்கிறது. விதவிதமான உலோகங்களும் பூச்சுகளும் இந்தக் கடல் காற்றில் எப்படித் தாங்குகின்றன என்று அங்கே பார்க்கிறார்கள். அதே சிக்ரியில்தான் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த நிறுவனம் அது. பேட்டரியும் உப்பும் தெரிந்த ஆட்கள் எங்களிடமிருந்து ஒரு பகல் பயண தூரத்தில் இருக்கிறார்கள். பாலத்துக்கு யோசித்த அளவில் நூறில் ஒரு பங்கு ஆட்டோவின் கப்ளருக்கு யோசித்திருந்தால் போதும் என்று அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீசலைக் குறைக்க வேண்டும், கார்பனைக் குறைக்க வேண்டும் என்று சொல்லித்தான் இந்த வண்டிகளுக்கு ஜிஎஸ்டியை 5 சதவீதமாக்கினார்கள், 2018இலேயே பெர்மிட் வேண்டாம் என்றார்கள், மானியம் கொடுத்தார்கள். எல்லாம் நல்ல காரியம், எனக்கும் பயன்பட்டது. ஆனால் மானியக் கணக்கில் என் வண்டி விற்ற அன்றே சேர்ந்துவிட்டது. பட்டறையில் சாய்ந்து கிடந்த நாளிலும் அது கணக்கில் இருந்தது. அந்த நாட்களில் என் மீனைச் சுமந்தது டீசல்தான். வண்டியையும் பேட்டரியையும் செய்யும்போதே ஒரு பெரிய அளவு கார்பன் போயிருக்கும். வருஷக்கணக்கில் ஓடி ஓடித்தான் அந்தக் கடனை வண்டி அடைக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் களிம்பு பிடித்து நின்றுவிட்டால் அந்தக் கடன் அப்படியே நிற்கும்.

ஓடினால் எவ்வளவு மிச்சம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தங்கச்சிமடத்திலிருந்து மார்க்கெட் போய்வரத் தோராயமாக 90 கிலோமீட்டர். டீசல் லோடு ஆட்டோ லோடோடு லிட்டருக்கு 25 கொடுக்கிறது என்று வைத்தால் 3.6 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வரும். அதாவது ஒரு நடைக்குப் பத்து கிலோவுக்குச் சற்றே குறைவு. என் வண்டிக்கு அதே தூரத்துக்கு மீட்டரில் பத்து யூனிட் ஓடுகிறது. யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் 80 ரூபாய். டீசலுக்கு 330 ரூபாய்க்கு மேல் ஆகும். காசுக்கு இது போதும். காற்றுக்கு? நம் நாட்டுக் கரண்டில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில் வருகிறது. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று மத்திய மின்சார ஆணையம் கணக்குச் சொல்கிறது. பத்து யூனிட்டுக்கு ஏழு கிலோ. ஆக, கம்பியில் வரும் கரண்டை அப்படியே போட்டால் நான் குறைப்பது கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகம். முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது மனசு தளர்ந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு இவ்வளவுதானா என்று இருந்தது.

அப்புறம்தான் என் தொழிலின் நேரத்தைக் கவனித்தேன். மீன் வண்டிக்கு வேலை விடிகாலை நாலு மணியிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை. பத்தரைக்கு வீட்டு வாசலில் வந்து நின்றால் மறுநாள் வரை அதற்கு வேலை இல்லை. பத்தரையிலிருந்து இரண்டரை மணி, அது எங்கள் ஊர் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். ஆபீஸ் போகிறவர்களின் ஸ்கூட்டர் ராத்திரிதான் வீட்டில் நிற்கும், அவர்கள் ராத்திரிதான் சார்ஜ் போட முடியும். மீன்காரர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. மீன் ஏற்றும் வண்டியும் சூரியனும் ஒன்றுக்கொன்று செய்துவைத்த மாதிரி. இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடற்கரை முழுக்க இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

2025 தை மாதம் வீட்டு மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் பேனல் போட்டேன். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நாளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதியாகிவிடும். மார்க்கெட்டில் மீன் விற்று முடிகிற வரை பக்கத்து டீக்கடையில் 15 ஆம்பியர் பிளக்கில் முப்பது ரூபாய் கொடுத்து ஏற்றிக்கொள்வது தவிர, மற்ற எல்லாச் சார்ஜும் இப்போது பகலில், மாடியிலிருந்து. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். லைன் கரண்ட் போனால் இந்தப் பேனலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

மாடியிலும் உப்புதான் முதல் எதிரி. பேனலின் சட்டம் அலுமினியம், தாங்கும் கால்கள் இரும்பு. இரண்டும் நேராகத் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு ஈரம் இருந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். பொருத்த வந்தவர்களிடம் சண்டை பிடித்து நடுவில் ரப்பர் வாஷர் போடவைத்தேன். போல்ட்டை நானே வாங்கிக்கொடுத்தேன், 316 நம்பர் எவர்சில்வர். 304 போட்டால் இந்தக் கரையில் ஒரே வருஷத்தில் தேநீர்க் கறை மாதிரி துரு எட்டிப்பார்க்கும் என்பது படகில் கற்றது. வாரம் ஒருமுறை ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் துடைக்கிறேன். கண்ணாடியில் படியும் உப்பு நாக்கில் வைத்தால் கரிக்கும்.

எங்கள் மாவட்டத்திலேயே கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. 2016இல் முடித்தார்கள், 2,500 ஏக்கர். வானம் பார்த்த பூமி என்று பெண் கொடுக்கத் தயங்கிய ஊர்ப்பக்கம் அது. அந்தக் கரண்டு பகலில் கம்பியில் ஓடும்போது எங்கள் வண்டிகளும் பகலில் குடித்தால் நிலக்கரி கரண்டு அந்த அளவுக்குக் குறையும். பேனல் போட வசதி இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். ராத்திரி சார்ஜ் போடும் பழக்கத்தை விட்டாலே பாதி வேலை.

அப்பா பாய் விரித்து வத்தை என்கிற நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றின் பெயரும் குணமும் விரல் நுனியில் இருக்கும். தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது இன்றும் அப்பாவின் கண்கள் விரியும். ஆனால் திரும்பப் பாய்க்கே போய்விடலாமா என்று கேட்டால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். காற்று விழுந்தால் துடுப்புதான். கை தோல் உரிய வலித்து, கரை வந்து சேரும்போது மீன் நாறியிருக்கும், வியாபாரி போயிருப்பார். இன்ஜின் வாங்கிய வருஷம்தான் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினோம் என்பார். அந்த இன்ஜின்தான் என்னை மெக்கானிக் ஆக்கியது. அதனால் டீசலைத் திட்டி எழுத எனக்கு வாய் வராது. அது செய்த வேலையை அதே அளவுக்குச் செய்கிற ஒன்று வந்தால்தான் அதை இறக்கிவைக்க முடியும்.

ஆடியில் மண்டபம் நோக்கிப் பாலம் ஏறும்போது எதிர்க்காற்றில் வண்டி முனகும். 75 கிலோமீட்டர் போகிற சார்ஜில் 62தான் கிடைக்கும். கிளம்பும் முன் வாசலில் நின்று தென்னையோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பேன். அப்பா பாய்க்குப் பார்த்த காற்றை நான் பேட்டரிக்குப் பார்க்கிறேன்.

படகுக்கும் பேட்டரி வைக்கலாமா என்று தடைக்காலத்தில் எல்லோரும் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போதுதான் எனக்கு வேலை அதிகம், பேச ஆளும் அதிகம். ஒரு லிட்டர் டீசலுக்குள் கிட்டத்தட்டப் பத்து யூனிட் சக்தி இருக்கிறது. இன்ஜின் அதில் மூன்று யூனிட்டைத்தான் சுழல் தண்டுக்குக் கொடுக்கும், மீதி வெப்பமாகவும் புகையாகவும் போய்விடும். நான் பார்க்கும் விசைப்படகுகள் ஒருமுறை போய்வர 300 லிட்டர் வாங்குகின்றன. அந்த வேலையைப் பேட்டரி செய்ய 900 யூனிட் வேண்டும். என் ஆட்டோ பேட்டரி மாதிரி 120 பேட்டரி. ஏழு டன்னுக்கு மேல் எடை. மீன் எங்கே வைப்பது, ஐஸ் எங்கே வைப்பது? இன்றைய பேட்டரியில் அது நடக்காது, நடக்கும் என்று சொல்லி யாரையும் ஏமாற்றக்கூடாது.

ஆனால் கரையோரம் நண்டு வலை போடப்போகும் சின்ன வள்ளம் ஐந்து லிட்டரில் போய் வந்துவிடும். பதினைந்து யூனிட் போதும். 130 கிலோ. இரண்டு ஆள் எடை. இது நடக்கும். காரங்காடு அலையாத்திக் காட்டுக்குள் ஆட்களை ஏற்றிப்போகும் படகுகளுக்கு இன்னும் எளிது. அலை கிடையாது, தூரம் கிடையாது, சத்தம் இல்லாவிட்டால் பறவையும் பறக்காது. கேரளாவில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017 ஜனவரியிலிருந்து ஆதித்யா என்று ஒரு சூரியப் படகு ஓடுகிறது. 75 பேர் ஏறலாம். ஒருமுறை வேளாங்கண்ணிக்குப் போகச் சேர்த்து வைத்த காசில் வைக்கம் போய் அதில் நான்கு நடை ஏறி இறங்கினேன். கூரையெல்லாம் பேனல். காயல் தண்ணீர், கண்ணாடி மாதிரி. பாக் நீரிணை அப்படி இல்லை, உப்பும் அலையும் வேறு. ஆனாலும் அந்தப் படகில் நின்றபோது, பேச்சுக் குரல் தவிர வேறு சத்தமில்லாமல் எழுபது பேர் தண்ணீரைக் கடப்பதைப் பார்த்தபோது, கண் கலங்கிவிட்டது. இருபது வருஷமாக இன்ஜின் இரைச்சலுக்குள் கத்திக் கத்திப் பேசியவனுக்குத்தான் அது புரியும்.

விசைப்படகுக்காரர்களிடம் நான் சொல்வது வேறு. கறுப்புப் புகை என்பது எரியாமல் போன உங்கள் காசு. இன்ஜெக்டரைச் சீசனுக்கு ஒருமுறை சோதித்துப் போடுங்கள். அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் இறக்குங்கள். படகுக்குத் தண்ணீரில் வேகம் கூடக் கூட, இழுவைக்கு வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். பத்து சதவீதம் வேகத்தைக் குறைத்தால் மணிக்குக் குடிக்கும் டீசல் கால் பங்குக்கு மேல் குறையும். அரை மணி நேரம் தாமதமாகக் கரைக்கு வந்தால் என்ன? ஏலத்துக்கு முந்துவது யார் என்கிற போட்டிதான் இதைக் கெடுக்கிறது. எல்லாரும் சேர்ந்து இறக்கினால் எல்லாருக்கும் மிச்சம். இரண்டு படகு கேட்டிருக்கிறது, இரண்டும் மிச்சம் பிடித்திருக்கின்றன.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி, எதிர் எடைகளின் துணையோடு சில நிமிஷத்தில் 17 மீட்டர் மேலே போகிறது. மின்சார ரயில் ஓடுவதற்கும் இடம் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். இரும்பு மேல் இரும்பு உருளும்போது ஆகும் உராய்வு, தார் ரோட்டில் டயருக்கு ஆவதில் ஒரு சின்னப் பங்குதான். விடிகாலை வண்டி ஒன்றில் மீனுக்கு என்று ஒரு பெட்டியை, தண்ணீர் வடியும் வழியோடு, சேர்த்துவிட்டால் என் வண்டி ஸ்டேஷன் வரை போனால் போதும். எனக்கு வருமானம் குறையும். குறையட்டும். அதே சார்ஜில் ஐந்து அக்காமார்களின் மீனை ஸ்டேஷனுக்குச் சேர்ப்பேன்.

என் வண்டிக்கு இப்போது பெட்டித் தரையில் ஃபைபர் தட்டு ஒன்று போட்டிருக்கிறேன், பின்பக்கம் ஒரு விரல் சாய்வாக. ஓட்டைகள் இரண்டையும் அடைத்துவிட்டு, கடைசி மூலையில் முக்கால் அங்குல ஹோஸ் வைத்து, சக்கரத்துக்கு வெளியே, தரைக்கு ஒரு சாண் மேலே வரை இறக்கியிருக்கிறேன். மீன் தண்ணீர் நேராக ரோட்டுக்கு. மார்க்கெட்டிலிருந்து வந்ததும் ஒரு குடம் நல்ல தண்ணீரால் தட்டையும் அடியையும் கழுவுவது அக்கா மகன் வேலை. அதிக அழுத்தப் பம்பு மட்டும் வைக்கக்கூடாது, அது ரப்பர் வளையத்தைத் தாண்டித் தண்ணீரை உள்ளே குத்திவிடும். பேட்டரிப் பெட்டியை நான் திறப்பதில்லை, யாரையும் திறக்கச் சொல்வதும் இல்லை. அதற்குப் படித்தவர்கள் வேண்டும். வெளியே இருக்கும் ஒயரும் கப்ளரும் ஒயர் முனையில் மாட்டும் லக்கும் நம் கைக்கு எட்டுவன. இரண்டு பையன்கள் என்னிடம் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். மல்டிமீட்டரில் ஐந்து வோல்ட் வருகிறதா என்று பார்ப்பது, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே மஞ்சள், பச்சை, நீலம் மூன்றிலும் சைகை மாறி மாறி வருகிறதா என்று பார்ப்பது. முதல் பாடம் அதுதான்.

போன செவ்வாய்க்கிழமை உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி அதே மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நண்டு ஏற்றுகிறவர். வாங்கி ஒன்பது மாதம். கன்ட்ரோலர் மாற்றச் சொல்லிவிட்டார்களாம், கண்ணில் தண்ணீர் நிற்கிறது. பையன்களில் இளையவனைக் கீழே படுக்கச் சொன்னேன். அவன் கப்ளரைப் பிரித்து என்னிடம் நீட்டினான். அதே பச்சை, அதே சிவப்பு ஒயர் பின். ஒரு மணி நேரத்தில் வண்டி ஓடியது. ஹோஸும் பசை ஸ்லீவும் இரண்டு துண்டு வெட்டி, பழைய மீன் தண்ணீர் ஓட்டையை அடைக்கும் ரப்பர் மூடியோடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். பத்தரை ஆகியிருந்தது. வெயில் ஏறிவிட்டது, போகும் முன் இங்கேயே கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.